பழுதான லிஃப்ட் ரசிகர் மன்றம்

அன்றைக்குத் தன்னை மன்றத்திலிருந்து கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளப் போகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் எல்லோருக்கும் முன்னால் மாடியேறி, ஜன்னலோரத்து நல்ல நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

அது சர்வேயருடைய நாற்காலி. சர்வேயர் என்றால் ஊரார் நிலத்தை அளந்து கல் நடுகிறவன். அதைவிட முக்கியமாக, அவளுடைய மாஜி கணவன். விவாகரத்தில் அவளுக்குக் கிடைத்த லாபம் ஒன்றே ஒன்றுதான். ஒன்பது வருடம் "நீங்க, வாங்க" என்று கூப்பிட்டவனை, இப்போது வாய் நிறைய "நீ" என்று கூப்பிடலாம். மற்றதையெல்லாம் அவனே எடுத்துக்கொண்டான். அலமாரி நிறைய இருந்த ரெக்கார்டுகள், அவற்றைப் போடுகிற பிளேயர், இரண்டு ஸ்பீக்கர்கள், அவற்றை இணைக்கிற வயர்கள் வரைக்கும். வக்கீல் முன்னால் அவள் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்: "எல்லாத்தையும் எடுத்துக்கட்டும். ஞாயித்துக்கிழமையை மட்டும் விட்டுக் கொடுக்க மாட்டேன்."

வக்கீலுக்குப் புரியவில்லை. "குழந்தையைப் பார்க்கிற நாளாம்மா?" என்று கேட்டார்.

"குழந்தை கிடையாது சார். ரசிகர் மன்றம்."

மன்றம் என்றால் சினிமாக்காரர்களுக்கு இருப்பது போல ஆயிரக்கணக்கில் ஆள் சேர்ந்த மன்றம் அல்ல. மொத்தம் ஆறு பேர். ரெக்கார்டுக் கடைக்கு மேலே, அட்டைப்பெட்டி வாசனை அடிக்கிற ஒரு அறை. ஆறு நாற்காலிகள், ஆறும் ஆறு விதம். மூலையில் ஒரு பழைய பிளேயர், மேலே துண்டு போர்த்தி மூடியிருக்கும். சுவரில் ஒரு கரும்பலகை.

அவர்கள் ரசிக்கிற பேண்டின் பெயர் 'பழுதான லிஃப்ட்'. நாலு பேர். முப்பது வருடத்துக்கு முன்னால் எவனோ ஒருவன் வீட்டுக் கார் ஷெட்டில் ஒத்திகை பார்த்து, மூன்று ரெக்கார்டு போட்டுவிட்டு, நாலாவது போடுவதற்குள் அடித்துக்கொண்டு பிரிந்து போனவர்கள். பெரிய கம்பெனி எதுவும் அவர்களைச் சீண்டவில்லை. ரேடியோவில் வந்ததில்லை. தாடிக்காரப் பாடகன் பாதி வரியை வாய்க்குள்ளேயே மென்று விழுங்கிவிடுவான். ஆனாலும் 'மாடிப்படி' என்ற அந்த முதல் ரெக்கார்டு மட்டும் இன்றுவரை விற்றுக்கொண்டே இருந்தது.

அவளுடைய வேலை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது. மன்றத்தில் அவளுக்குப் பெயரே எக்ஸ்ரேதான். ஜன்னல் இல்லாத அறையில் நாள் முழுக்க நின்று, "மூச்சை இழுங்க, பிடிங்க, விடலாம்" என்று சொல்லிக்கொண்டிருப்பாள். பதிலுக்கு யாரும் பேச மாட்டார்கள். பேசினால் படம் ஆடிப்போகும். கல்யாணமான காலத்தில் பழகிய சிநேகிதர்களெல்லாம் பிரிந்தபோது அவன் பக்கம் போய்விட்டார்கள். வாரத்தில் ஒருநாள், அந்த இரண்டு மணி நேரம்தான் அவள் மனுஷர்களோடு வாயாடுவது. அதிலும், கடைக்காரரோடு சேர்ந்து மன்றத்தை ஆரம்பித்ததே அவள்தான். சர்வேயரைக் கூட்டிக்கொண்டு வந்ததும் அவளேதான். அந்தத் தப்புக்கு யாரைக் குற்றம் சொல்ல முடியும்?

அந்த அறையும் போய்விட்டால் அவளுக்குப் போக வேறு இடம் கிடையாது. சர்வேயருக்கும் அது நன்றாகத் தெரியும். அதனால்தான் போன வாரம் கரும்பலகையில், வரைபடத்துக்கு எழுதுவது போல அழகான கையெழுத்தில் ஒரு புது விதியை எழுதி, கைதூக்கச் சொல்லி நிறைவேற்றியும் விட்டான்.

"மாடிப்படி முப்பதாம் ஆண்டுப் பதிப்பை வாங்கி, ஊசி வைத்துக் கேட்டவரே மன்ற உறுப்பினர். ஃபோனில் கேட்பவர் வெளியே."

முதலில் வந்தது கணக்கு வாத்தியார். பள்ளிக்கூடத்தில் பையன்கள் பயப்படுகிற ஆள், இங்கே வந்தால் விற்பனைக் கணக்குப் பைத்தியம். நாற்காலியில் அவளைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அது அவர் சேர் ஆச்சேம்மா."

"பேர் எழுதியிருக்கா வாத்தியாரே?"

"வந்ததும் வராததுமா வம்பை ஆரம்பிக்காதே."

"நானா ஆரம்பிச்சேன்? போன வாரம் கை தூக்கினது யாரு?"

வாத்தியார் கூரையைப் பார்த்துக்கொண்டே வேறு நாற்காலிக்குப் போனார். அடுத்து பல்டாக்டர் வந்தார். ஞாயிற்றுக்கிழமையிலும் கையில் மருந்து வாசனை போகாத மனிதர், யார் சிரித்தாலும் பல்லைப் பார்ப்பார். அவருக்குப் பின்னாலேயே நாத்தனார் வந்தாள். சர்வேயரின் தங்கை. தையல்காரி. அண்ணன் கல்யாணத்தில் ஒட்டிக்கொண்டவள், கல்யாணம் பிய்ந்த பிறகும் மன்றத்தை விடவில்லை.

"என்ன அண்ணி, இந்த சேர்ல உட்கார்ந்துட்டீங்க? அண்ணன் குதிக்கப் போறான்."

"குதிக்கட்டும். கீழே கடைதான், யாருக்கும் அடிபடாது."

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும்போதே சர்வேயர் உள்ளே வந்தான். கையில் பெரிய தோல்பை. அவன் பார்வை நேராக நாற்காலிக்குப் போனது. அப்புறம் தங்கை பக்கம் திரும்பியது.

"இன்னும் என்ன அண்ணி? கோர்ட்டுல எல்லாம் முடிஞ்சு எவ்வளவு நாளாச்சு?"

"வாய் பழகிடுச்சு. உனக்காக வாயைத் தச்சுக்கவா முடியும்?"

அவன் கதவருகே கிடந்த, கால் ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்தான். அது ஒருமுறை ஆடியது. அவள் தெருவைப் பார்த்துக்கொண்டாள், சிரிப்பு வெளியே தெரியாமல் இருக்க.

கடைசியாகக் கடைக்காரர் மேலே வந்தார். கையில் ஒரு இசைப் பத்திரிகை. "படிச்சீங்களா? இந்த வருஷம் அதிகமா வித்த ரெக்கார்டுல நம்ம மாடிப்படியும் ஒண்ணு! எல்லாரும் ஃபோன்ல பாட்டு கேட்கிற காலத்துல, முப்பது வருஷப் பழைய ரெக்கார்டு! புதுப் பையன்களெல்லாம் பின்னாடி நிக்கிறாங்க."

அறையே நிமிர்ந்து உட்கார்ந்தது. வாத்தியார் பத்திரிகையைப் பிடுங்கி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். "முதல் பதிப்பு வந்தப்போ வித்ததைவிட இப்போ வித்தது ஜாஸ்தி. நினைச்சுப் பார்க்க முடியுதா?"

"இதுல நினைக்க என்ன இருக்கு?" என்றான் சர்வேயர். "நம்மள மாதிரி ஆளுங்க இருக்கிறதால விக்குது. பாட்டுன்னா கையில பிடிச்சுப் பார்க்கணும். அட்டையைத் தடவிப் பார்க்கணும். ஓசியில கேட்டுட்டுத் தள்ளிவிட்டுப் போறவங்களாலயா விக்குது?"

கடைசி வாக்கியத்தை ஜன்னல் பக்கம் பார்த்துச் சொன்னான்.

"ஓசியில கேட்கிறவங்களாலதான் விக்குது," என்றாள் அவள். "எங்க ஆஸ்பத்திரி நர்சுப் பொண்ணு, இருபது வயசு. ஃபோன்ல ஏதோ கேட்டுக்கிட்டிருந்தா, அதுவாவே அடுத்த பாட்டுன்னு இவங்க பாட்டு வந்திருக்கு. புடிச்சுப்போய் ரெக்கார்டு வாங்கிட்டா. நீ வாங்கினதுல எத்தனை பொண்ணு கேட்டா?"

"அந்தப் பொண்ணு வீட்டுல பிளேயர் இருக்கா?"

"இல்ல. சுவத்துல மாட்டியிருக்கா."

"கேட்டீங்களா டாக்டர்? சுவத்துல மாட்டியிருக்காளாம்! காலண்டர் மாதிரி!"

பல்டாக்டர் பெரிதாகச் சிரித்தார். "நல்லவேளை, அலமாரிக்கடியில போட்டு முட்டுக் கொடுக்கலை."

"நீங்க உங்களுதை என்ன பண்றீங்க டாக்டர்?" என்றாள் அவள்.

"நானா? லாக்கர்ல வச்சிருக்கேன்."

"அப்ப அவளுதாவது கண்ணுக்குத் தெரியுது."

சிரித்த வாய் டக்கென்று மூடிக்கொண்டது. வாத்தியார் நடுவில் புகுந்தார். "ரெண்டு பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கு. ஆனா ஃபோன்ல பத்து லட்சம் பேர் கேட்டாலும் அந்த நாலு பேருக்கும் பிச்சைக்காசுதான் போகும். ரெக்கார்டு வித்தாத்தான் ஏதோ போகும்."

"அந்த நாலு பேர் மேல அக்கறை இருக்கிற மூஞ்சியைப் பாரு," என்று முணுமுணுத்தாள் நாத்தனார். "தாடிக்காரன் ஆஸ்பத்திரியில கிடந்தப்போ ஒரு பூங்கொத்து அனுப்பலாம்னு சொன்னேன், ஆளாளுக்குக் காது கேட்காத மாதிரி இருந்தீங்க."

பேச்சு கை மீறிப் போகிறதைப் பார்த்துக் கடைக்காரர் தன் ஃபோனை எடுத்து, ஸ்பீக்கரில் வயரைச் செருகினார். மாடிப்படியின் முதல் பாட்டு மெதுவாக ஆரம்பித்தது. வாரா வாரம் நடப்பது இதுதான். மூலையில் பிளேயர் இருந்தாலும் யாரும் தொட மாட்டார்கள். சர்வேயரிடம் இருக்கிற முதல் பதிப்பு போட்டால் தேய்ந்துவிடும். புதிய பதிப்பின் பிளாஸ்டிக் உறையைப் பிரித்தால் அதன் மதிப்பே போய்விடும். அதனால் கடைக்காரரின் ஃபோன்தான் பாடும்.

அவள் ஸ்பீக்கரைச் சுட்டிக் காட்டினாள். "இது என்னவாம்? ஊசியா?"

"வயர்ல வருது இல்ல," என்றான் சர்வேயர் கூசாமல். "ஸ்பீக்கர்ல கேட்கிறது வேற. காதுல மாட்டிக்கிட்டு பஸ்ல கேட்கிறது வேற. வளவளன்னு பேசாதே. விஷயத்துக்கு வா. இன்னைக்கு எல்லாரும் அவங்கவங்க காப்பியைக் காட்டணும்."

தோல்பையைத் திறந்து, ஒவ்வொன்றாக மேஜையில் அடுக்கினான். ஒன்றல்ல, ஏழு. ஏழும் கண்ணாடி போல மினுமினுக்கிற பிளாஸ்டிக் உறைக்குள் அலுங்காமல் குலுங்காமல் இருந்தன. சாம்பல் நிற அட்டையில் இருட்டான மாடிப்படி ஒன்று ஏழு தடவை மேலே போனது. பல்டாக்டர் லாக்கரிலிருந்து எடுத்து வந்ததைத் துணியை விலக்கிக் காட்டினார். வாத்தியார் இரண்டு வைத்திருந்தார். நாத்தனார் துணிப்பையிலிருந்து ஒன்றை உருவிப் போட்டாள்.

"ஏய், பார்த்து! மூலை மடங்கும்!" என்று பதறினான் அண்ணன்.

"மடங்கினா இஸ்திரி போட்டுக்கிறேன்."

எல்லோர் கண்ணும் ஜன்னல் பக்கம் திரும்பின. சர்வேயர் நாற்காலியில் சாய்ந்தான். அது மறுபடி ஆடியது. "உன்னோடது எங்கே? இல்லைன்னா பரவாயில்ல, கதவு திறந்துதான் இருக்கு."

அவள் காலடியில் இருந்த பையிலிருந்து ஒரு மாடிப்படியை எடுத்து மேஜையில் வைத்தாள். பிளாஸ்டிக் உறை, கடையின் மஞ்சள் ஒட்டு, எல்லாம் இருந்தது.

சர்வேயர் கடைக்காரரைப் பார்த்த பார்வையில் விஷம் இருந்தது.

"கடைன்னு வச்சிருக்கேன், வந்து கேட்டா கொடுக்காம?" என்றார் கடைக்காரர். "காலையில கதவைத் திறந்ததும் வந்து நின்னுச்சு. நானேதான் எடுத்துக் கொடுத்தேன்."

"சரி, வாங்கிட்டே. வாங்கினா மட்டும் போதாது." சர்வேயர் எழுந்து கரும்பலகையைத் தட்டினான். "ஊசி வச்சுக் கேட்கணும். உன் வீட்டுல பிளேயர் ஏது?"

"நீ தூக்கிட்டுப் போனியே, அதைச் சொல்றியா?"

"கோர்ட்டு கொடுத்தது. பிளேயர் இல்லாதவ ரெக்கார்டு வாங்கி என்ன பண்ணப் போறே? நீயும் சுவத்துல மாட்டப் போறியா? ஊசி வைக்க வழி இல்லைன்னா நீ உறுப்பினர் இல்ல. அவ்வளவுதான். எழுந்திரு, அது என் சேர்."

இதற்காகத்தான் அந்த 'ஊசி வைத்துக் கேட்டவரே' என்ற வார்த்தைகளை அவன் சேர்த்தான் என்பது அவளுக்குப் போன வாரமே புரிந்திருந்தது. பிளேயரை எடுத்துக்கொண்டவனே, பிளேயர் இல்லாததைக் குற்றமாக்குகிறான். நிலத்தை அளக்கிறவன் அல்லவா, அடுத்தவன் கால் வைக்க இடம் விடாமல் கோடு போட அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவள் எழுந்தாள். சர்வேயர் நாற்காலியை நோக்கி நகர்ந்தான். அவள் கதவுப் பக்கம் போகவில்லை, நேராக மூலைக்குப் போய் பிளேயர் மேலிருந்த துண்டை உருவினாள்.

"இது மன்றத்து பிளேயர்தானே? நானும் காசு போட்டதுதானே?"

"ஏய், என்ன பண்றே?"

அவள் கட்டைவிரல் நகத்தை அட்டையின் விளிம்பில் வைத்து ஒரே இழுப்பு இழுத்தாள். பிளாஸ்டிக் உறை சர்ரென்று கிழிந்தது. பல்டாக்டர், மயக்க ஊசி போடாமல் தன் பல்லையே யாரோ பிடுங்கியது போல "ஐயோ" என்றார். வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார்.

"புதுசு! புத்தம் புதுசு! கிழிச்சுட்டாளே பாவி!" என்று கத்தினான் சர்வேயர்.

"கேட்கத்தானே வாங்கினேன்? கடைக்காரரே, உங்க ஃபோனை நிறுத்துங்க."

கடைக்காரர் நிறுத்தினார். கறுப்புத் தட்டு சுழன்றது. ஊசியை மெதுவாக இறக்கினாள். கரகரவென்று ஒரு சத்தம். எல்லோரும், சர்வேயர் உட்பட, தங்களை அறியாமல் கழுத்தை நீட்டினார்கள்.

ஆர்மோனியம் மாதிரி ஏதோ ஒன்று சுருதி பிடித்தது. பிறகு உற்சாகமான ஒரு ஆண்குரல் முழங்கியது.

"நேரா நில்லுங்க! தோளைத் தளர்த்துங்க! மூச்சை இழு... பிடி... விடு! இப்போ இடது முழங்காலைத் தூக்கு! ஒண்ணு, ரெண்டு! வயித்தை உள்ளே இழு!"

சற்று நேரம் அந்த அறையில் அந்த மனிதரைத் தவிர யாரும் மூச்சு விடவில்லை. வாத்தியார் மட்டும் சொன்ன பேச்சுக் கேட்டு வயிற்றை உள்ளே இழுத்திருந்தார்.

"இது உன் வேலைதானே!" சர்வேயர் பாய்ந்து வந்தான். "மூச்சை இழு, பிடி, விடு! தினம் நீ சொல்றது! எங்களைக் கேலி பண்ண எங்கேயோ போய் ரெக்கார்டு பண்ணிட்டு வந்திருக்கே!"

"ஆமா, எனக்கு வேற வேலை இல்ல. ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுத்துட்டு, மத்தியானம் ஃபாக்டரி வச்சு ரெக்கார்டு அடிக்கிறேன். குரலைக் கேளு, ஆம்பளைக் குரல்."

கடைக்காரர் தட்டை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நடுவில் ஒட்டியிருந்த வட்டக் காகிதத்தில் பேண்டின் பெயர், ரெக்கார்டின் பெயர், எண் எல்லாம் சரியாக இருந்தன. "கம்பெனி சரக்குதான். ஃபாக்டரியில அச்சை மாத்திப் போட்டுட்டாங்க போலிருக்கு. காகிதம் நம்மளுது, பாட்டு எவனோட உடற்பயிற்சியோ."

"இந்த ஒரு காப்பிதான் கோளாறு," என்றான் சர்வேயர் அவசரமாக. "அவ ராசி அப்படி."

"அப்ப உன்னுதுல ஒண்ணைக் கிழிச்சுப் போடு, பார்க்கலாம்," என்றாள் அவள்.

"எதுக்கு? கிழிச்சா செத்துப்போச்சு. கிழிக்க மாட்டேன்."

நாத்தனார் பெருமூச்சு விட்டு, தையல்காரிகள் இடுப்பில் செருகியிருக்கிற சின்னக் கத்தரியை எடுத்தாள். அண்ணன் கையை நீட்டித் தடுப்பதற்குள் தன் காப்பியின் உறையை ஒரு பக்கமாக வெட்டி, தட்டை எடுத்து, கடைக்காரர் கையில் கொடுத்தாள்.

ஊசி இறங்கியது. கரகரப்பு. "நேரா நில்லுங்க! தோளைத் தளர்த்துங்க!"

நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை. வாத்தியார் பத்திரிகையை மறுபடி கையிலெடுத்தார். அவர் முகம் விடைத்தாளில் தன் பெயரையே தப்பாக எழுதிவிட்ட மாணவன் மாதிரி ஆகியிருந்தது.

"ஆறு மாசமா விக்குது," என்றார். "ஆயிரக்கணக்குல வித்திருக்கு. பத்திரிகையெல்லாம் எழுதியிருக்கு. இத்தனை பேர்ல ஒருத்தன்கூடவா கண்டுபிடிக்கலை? ஒரு புகார்கூட வரலையே. அது எப்படி?"

"எப்படின்னா?" என்றாள் அவள். "லாக்கர்ல இருக்கு, சுவத்துல இருக்கு, தோல்பையில இருக்கு. எல்லாரும் வாங்கிக்கிட்டேதான் இருந்தாங்க. கேட்கிறது மட்டும் ஃபோன்ல."

அந்த வார்த்தைக்குப் பிறகு யாரும் யாரையும் பார்க்கவில்லை. பிளேயரில் அந்த மனிதர் வலது முழங்காலுக்கு வந்திருந்தார். கடைக்காரர் ஊசியைத் தூக்கினார்.

முதலில் சுதாரித்துக்கொண்டவன் சர்வேயர்தான். கதவைச் சாத்தினான். குரலைத் தணித்தான். "இங்கே நடந்தது இந்த ரூமை விட்டு வெளியே போகக் கூடாது. கம்பெனிக்குத் தெரிஞ்சா எல்லாத்தையும் திருப்பி வாங்கிடுவான். தெரியாத வரைக்கும் இது பொக்கிஷம். தப்பா அச்சான மாடிப்படி, உறை பிரிக்காதது! டாக்டர், உங்களுதைப் பத்திரமா வச்சுக்குங்க. கடைக்காரரே, கீழே எத்தனை இருக்கு? ஒண்ணையும் வெளியே விக்காதீங்க." பிறகு, ரொம்ப நாள் கழித்து முதல்முறையாக, அவளிடம் இதமாகப் பேசினான். "இங்க பாரு. நீயும் இரு. நாற்காலி வேணும்னா வச்சுக்கோ. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. வாயை மட்டும் திறக்காதே."

மற்றவர்கள் தலையாட்டினார்கள். போன வாரம் எவ்வளவு வேகமாகக் கை தூக்கினார்களோ, அவ்வளவு வேகமாக.

வேண்டியது கைக்கு வந்துவிட்டது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாற்காலி, ஞாயிற்றுக்கிழமை, ஜன்னலோரம், எல்லாம் அவளுக்கு. அவளும் ஒரு நிமிடம் சபலப்படத்தான் செய்தாள். ஆனால் அவன் கொடுத்து அவள் வாங்கிக்கொள்வதா? அவள் ஆரம்பித்த மன்றத்தில் அவளுக்கு இவன் இடம் போட்டுக் கொடுப்பதா? நடந்துபோய்க் கரும்பலகை பக்கத்தில் நின்றாள்.

"வாத்தியாரே, கண்ணாடி போட்டிருக்கீங்களே, கொஞ்சம் படிங்க. யாரு உறுப்பினர்?"

"வாங்கி, ஊசி வச்சுக் கேட்டவரே..." வாத்தியார் குரல் பாதியில் இறங்கிவிட்டது.

"இந்த ரூம்ல அப்படிக் கேட்டது யாரு?"

"நானும் அண்ணியும்," என்றாள் நாத்தனார், கத்தரியை இடுப்பில் செருகியபடி.

"அப்ப மன்றம்னா நாங்க ரெண்டு பேர்தான். மத்தவங்களெல்லாம் விருந்தாளிங்க. எழுதினது நானில்ல. கை தூக்கினதும் நானில்ல."

"நான் கடைக்காரன். ரூம் என்னுது. எனக்கு ரூல் கிடையாது," என்றார் கடைக்காரர் சட்டென்று.

"உங்களுக்குக் கிடையாது. மத்த மூணு பேருக்கும் உண்டு. இப்பவே கிழிச்சு, போட்டுக் கேட்டா இருக்கலாம். இல்லைன்னா கதவு இருக்கு."

"விளையாடாதேம்மா," என்றார் பல்டாக்டர். "கேட்கிறதுக்கு இதுல பாட்டே இல்லையே!"

"ஆறு மாசமா அதுல பாட்டு இல்லைங்கிறது உங்களுக்குக் கவலையா இருந்ததா? முழங்காலைத் தூக்குங்க டாக்டர், உடம்புக்கு நல்லது."

வாத்தியார்தான் முதலில் மசிந்தார். இரண்டு காப்பி வைத்திருந்தவருக்கு ஒன்றைப் பலிகொடுப்பது கொஞ்சம் சுலபம். முகத்தைத் திருப்பிக்கொண்டு கிழித்தார். பல்டாக்டர் லாக்கர் துணியால் கண்ணைத் துடைத்தாரா, வியர்வையைத் துடைத்தாரா என்று சொல்ல முடியாது. உறையை மட்டும் அறுவை சிகிச்சை மாதிரி ஒரு மூலையிலிருந்து நூல் பிடித்தது போலப் பிரித்தார். இரண்டையும் போட்டார்கள். இரண்டிலும் அதே மனிதர், அதே இடது முழங்கால்.

"தூ!" என்றார் டாக்டர், அவளைப் பார்த்து. "உன்னால எவ்வளவு பெரிய நஷ்டம் தெரியுமா?"

"தெரியாது. சந்தோஷமா இருக்கு."

இப்போது மேஜை மேல், வாத்தியாரின் இன்னொரு காப்பியைத் தவிர, மினுமினுத்துக்கொண்டிருந்தது சர்வேயரின் ஏழு மட்டும். இவைதான் மிச்சம். மற்றவர்கள் கிழித்துவிட்டதால் அவற்றின் மதிப்பு ஏறிக்கொண்டே போகிறது என்பதை அவன் முகம் சொன்னது. உறுப்பினராக இருக்க ஒன்றே ஒன்றைப் பிரித்தால் போதும். மேலே இருந்ததை எடுத்தான். கட்டைவிரல் நகத்தை விளிம்பில் வைத்தான். நகம் அங்கேயே நின்றது.

"கிழிடா அண்ணா," என்றாள் தங்கை, கொஞ்சம் இரக்கத்தோடு. "ஏழுல ஒண்ணுதானே?"

அவன் விரல் அசையவில்லை.

"இவனாவது கிழிக்கிறதாவது," என்றாள் அவள். "கல்யாணத்துக்கு வந்த டின்னர் செட்டை ஒன்பது வருஷம் அட்டைப்பெட்டியை விட்டு வெளியே எடுக்க விடலை. எவர்சில்வர் தட்டுலேயே சாப்பிட்டுச் செத்தேன்."

சர்வேயர் நகத்தை எடுத்தான். ஏழையும் ஒவ்வொன்றாகத் தோல்பைக்குள், மூலை இடிக்காமல், குழந்தையைப் படுக்க வைப்பது போல வைத்தான். ஜிப்பை இழுத்தான். வாசலில் நின்று திரும்பினான். முகம் கறுத்திருந்தது.

"உனக்கு அந்தப் பாட்டுங்க மேல ஆசையே கிடையாது. இதெல்லாம் என் மேல இருக்கிற காட்டம்."

அவள் யோசித்துப் பார்த்தாள். பொய் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

"ரெண்டும்தான்," என்றாள். "கம்பெனிக்கு நான் இன்னைக்கே எழுதிப் போடப் போறேன். எனக்கு உடற்பயிற்சி வேண்டாம், பாட்டுதான் வேணும், மாத்திக் கொடுங்கன்னு."

"எழுதினா எல்லாத்துக்கும் மதிப்பு போயிடும்!"

"உன்னுதுக்குப் போகும். எனக்குப் புதுசு வரும்."

அவன் பையை மார்போடு அணைத்துக்கொண்டான். மன்றத்தில் யாராவது தன் பக்கம் பேசுவார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். வாத்தியார் கிழிந்த உறையை மடித்துக்கொண்டிருந்தார். டாக்டர் உறை போன அட்டையை ஊதிக்கொண்டிருந்தார். தங்கை குனிந்து கீழே கிடந்த பிளாஸ்டிக் துண்டுகளைப் பொறுக்கினாள். படியில் அவன் காலடிச் சத்தம், பை சுவரில் இடிக்காமல் பார்த்துப் பார்த்து இறங்குகிறவனுடைய மெதுவான சத்தம், கீழே போய்ச் சேர ரொம்ப நேரம் பிடித்தது.

"அண்ணி," என்றாள் நாத்தனார். "கொஞ்சம் அதிகமாத்தான் போயிட்டீங்க."

"ஆமா," என்றாள் அவள்.

நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். டாக்டரும் வாத்தியாரும் தங்கள் நாற்காலிகளை அவளிடமிருந்து ஒரு அடி தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். போட்டுக்கொள்ளட்டும். இருக்கிறார்கள் இல்லையா?

"கடைக்காரரே," என்றாள். "ஃபோனைச் செருகுங்க. நானும் இவங்களும் பாட்டு கேட்கணும்."